மூடக் கூடாத பலகாரம்

செகந்திராபாத்
26-8-1973

கர்த்தருக்குள் அன்பான ஜெயா அக்காவுக்கு, தங்கை ஐவி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீயும் ரகுநாதன் அத்தானும் சுகமா? குலுவில் குளிர் தொடங்கிவிட்டதா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று முதல் உனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். பயந்துகொண்டு எதையும் விட மாட்டேன். எட்டாம் வகுப்புக்கு வந்தவள் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அக்கா, ஆப்பிள் பெட்டி வந்துவிட்டது! ஜார்ஜ் மாமா ரயில் பார்சல் ஆபீசிலிருந்து ரிக்‌ஷாவில் எடுத்து வந்தார். ஆணியைப் பிடுங்கியதும் வைக்கோல் வாசனையும் ஆப்பிள் வாசனையும் சேர்ந்து எழுந்து வந்தன. இங்கே மோண்டா மார்க்கெட்டில் ஆப்பிளைக் காகிதத்தில் சுற்றி நகை மாதிரி வைத்திருப்பார்கள். நம் வீட்டில் அது வெங்காயம் மாதிரி தரையில் உருண்டது. அம்மா ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரை அவள் அதைக் கடிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா ராமச்சந்திராபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தார். பெட்டியின் மேல் உன் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. கழற்றிய பூட்ஸைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அம்மா நறுக்கி வைத்ததைப் பார்த்து, "பல் கூசுது" என்றார். அவருக்கு எந்தப் பல்லிலும் குறை இல்லை என்று உனக்கே தெரியும்.

நீ ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட அன்று அவர் போட்ட சட்டம் மாறவில்லை. இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லக் கூடாது. அம்மா ஜெபத்தில்கூட "தூரத்தில் இருக்கிறவர்களையும்" என்றுதான் சொல்கிறாள். அந்த இடத்தில் அப்பா எப்போதும் இருமுகிறார்.

இத்தனை ஆப்பிளை வைத்து என்ன செய்யலாம்? பதில் எழுது.

இப்படிக்கு உன் பிரியமான தங்கை,
ஐவி

குலு
6-9-1973

அன்புள்ள ஐவிக்குட்டிக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் சுகமா?

ஆப்பிளை வைத்துச் செய்ய ஒன்று சொல்கிறேன். இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் கனடா டாக்டரம்மா எலிசபெத் வீட்டில் சாப்பிட்டேன். ஆப்பிள் கிரிஸ்ப் என்று பெயர். ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் பட்டைத் தூளும் பிசிறி ஒரு தட்டில் பரப்ப வேண்டும். மைதா, ஓட்ஸ், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இவற்றோடு வெண்ணெயைச் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்து மேலே தூவ வேண்டும். வெண்ணெயை உருக்கிவிடாதே, அழுத்தியும் விடாதே. பிறகு ரொட்டி சுடும் அவன் அடுப்பில் வைத்தால் கீழே பழம் குழைந்து கொதிக்கும். மேலே மொறுமொறு என்று ஆகும். முதல் வாய் சாப்பிட்டபோது எனக்கு நம் வீட்டு நினைவு வந்தது. நம் வீட்டில் அதைச் செய்ததே இல்லை, ஆனாலும் வந்தது.

அத்தானுக்கு டிசம்பரில் லீவு. மெட்ராசுக்கு அவர் அம்மாவைப் பார்க்கப் போகிறோம். ரயில் காசிப்பேட்டையில் நிற்கும். அங்கிருந்து நம் வீடு எவ்வளவு பக்கம்! ஆனால் இறங்குவதாக இல்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது?

அன்புடன்,
அக்கா

செகந்திராபாத்
15-9-1973

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் எல்லோரும் சுகம். அதை இந்த முறை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேள்!

ஓட்ஸ் வாங்க ஜம்புநாதன் கடைக்குப் போனேன். அவர் டப்பாவை மேல் தட்டிலிருந்து இறக்கி, தூசியைத் தட்டி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாருக்கும்மா உடம்பு? டைபாய்டா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை. ஆப்பிளுக்கு."

"ஆப்பிளும் வாங்கியாச்சா? அப்ப டாக்டரே சொல்லிட்டாரா?"

நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவெல்லாம் போய்விட்டது. பக்கத்து வீட்டு லூர்துமேரி அத்தை கையில் ஜெபமாலையும் கஞ்சித் தூக்குமாக ஓடி வந்தார்கள். அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"மரியபுஷ்பம்! எந்திரிக்காதே! போய்ப் படு!"

"நான் எதுக்கு மதினி படுக்கணும்?"

"எங்கிட்டே மறைக்கிறியே! ஓட்ஸ் வாங்குற அளவுக்கு ஆயிருச்சு, இன்னும் மாவாட்டுறியே!"

அடுத்து ஜார்ஜ் மாமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்து, நோயாளி அவள் இல்லை என்று நிரூபித்தாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த ஓட்ஸு எப்படி இருக்கணும்?"

"தட்டையா இருக்கணும். சூட்டில் மொறுமொறுன்னு ஆகணும்."

"அது அவல்தானே? போ, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டு வா. இல்லேன்னா நாளைக்கு சபை ஐயர் வந்து எனக்குக் கடைசி ராப்போஜனம் கொடுத்துட்டுப் போவாரு."

கெட்டி அவலை வறுத்து நொறுக்கிப் பார்த்தோம். பிரமாதம்! ஆனால் நம் வீட்டில் அவன் அடுப்பு இல்லையே. எப்படியாவது வழி கண்டுபிடிப்பேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமான,
ஐவி

குலு
25-9-1973

அன்புள்ள ஐவிக்கு, நாங்கள் சுகம். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவல் நல்ல யோசனை என்று அம்மாவிடம் சொல்.

கிறிஸ்மஸ் கேக்குக்குப் போகும் பேக்கரியை மறந்துவிட்டாயா?

காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மழைக்காற்று அடிக்கும். அந்தப் பழுப்பு மப்ளர் இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா

செகந்திராபாத்
5-10-1973

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம். மப்ளர் இருக்கிறது. கட்டிக்கொண்டுதான் போகிறார். நீ யாரைக் கேட்டாய் என்று எழுதாததால் நானும் யார் என்று எழுதவில்லை.

நேற்று கிரிஸ்ப் செய்தேன்! செய்தேன், ஆனால் தோற்றேன். இரண்டையும் எழுதுவதாகத்தானே வாக்கு.

தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். அப்துல் ரஹீம் பாய் ரொட்டியெல்லாம் எடுத்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அரே பேபி, கிறிஸ்மஸ் வந்துடுச்சா? எதுக்கு இத்தனை ஜல்தி?"

"கேக் இல்லை பாய். ஆப்பிள் கிரிஸ்ப்."

அவர் அவலையும் ஆப்பிளையும் மோந்து பார்த்தார். "மேலே போஹா, கீழே சேப்! எந்த ஊர் சமையல் இது?"

"கனடாவிலிருந்து குலு வழியாக வந்தது."

"இவ்வளவு தூரம் வந்ததை நான் கருக விடுவேனா?" என்று நீளத் துடுப்பால் உள்ளே தள்ளினார். நான் அடுப்பின் வாயருகே நின்றேன். ஓரங்களில் சாறு கொதித்துக் கொப்புளித்தது. மேல்பகுதி பொன்னிறம் ஆயிற்று. பட்டை வாசனை வந்ததும் ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லோரும் மூக்கைத் தூக்கினார்கள்.

சூடான பண்டத்தைத் தெருவில் திறந்து கொண்டுவரக் கூடாது, கண்படும், ஈ மொய்க்கும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, இரண்டு துண்டால் சுற்றி, குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்தால் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மேல்பகுதி அவல் உப்புமா ஆகிவிட்டது. நான் அழுதேன். அம்மா உப்புமாவையே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்பா வந்ததும், "தெருமுனையிலேயே வாசனை வந்துச்சே, என்ன அது?" என்றார். "ஆப்பிள்" என்றாள் அம்மா. எங்கிருந்து வந்த ஆப்பிள் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை. ஆனால் அன்று மாலை அந்தக் காலிப் பெட்டியை உடைத்து அலமாரித் தட்டு செய்தார். பலகைகளையெல்லாம் அளவுக்கு அறுத்தார். உன் கையெழுத்து உள்ள பலகையை மட்டும் அறுக்கவில்லை. அது நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இப்போது என் திட்டத்தைக் கேள். நவம்பர் 11 ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. எல்லோரும் கொண்டுவரும் காணிக்கைகளை வழக்கம்போல அப்பாதான் ஏலம் விடுவார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரல் வேறு யாருக்கு இருக்கிறது? யார் வீட்டுக் காணிக்கை என்று பெயரைச் சொல்லாமல் ஒரு பூசணிக்காயைக்கூட ஏலம் விட மாட்டார். அவர் போட்ட சட்டம்தான் அதுவும். நான் கிரிஸ்ப் செய்து, பெயர்ச் சீட்டில் உன் பெயரை எழுதி வைப்பேன். ஆப்பிள் உன்னுடையது, அதனால் அது பொய் ஆகாது. ஒரு சட்டம் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது. இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. எது ஜெயிக்கும்? அவர் உன் பெயரைச் சொல்லிவிட்டால் காசிப்பேட்டையில் நீ இறங்கிவிடலாம்!

மிச்ச ஆப்பிள் சுருங்குகிறது. இன்னும் கொஞ்சம் அனுப்புவாயா? உடனே பதில் எழுது.

ஐவி

செகந்திராபாத்
22-10-1973

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அத்தான் சுகமா? தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா வாசலில் கோலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நிற்கிறாள். நம் வீட்டில் கோலம் போடுவதில்லை.

ஆனால் முந்தாநாள் ஆப்பிள் வந்தது! சின்னப் பெட்டி. உள்ளே வைக்கோலையெல்லாம் உதறிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. யார் எடுத்து வந்தது தெரியுமா? அப்பா. ரயில்வே சீட்டு வந்ததை அம்மா அலமாரித் தட்டில் வைத்திருந்தாள், ஜார்ஜ் மாமா வந்தால் கொடுக்கலாம் என்று. அப்பா வேலை முடிந்து தோளில் பெட்டியோடு வந்து நின்றார். "ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு" என்றார்.

கோபமா அக்கா? கோபம் என்றாவது எழுது.

ஐவி

குலு
24-10-1973

அன்புள்ள ஐவிக்கு, நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பலகாரம் நனைந்ததற்குக் காரணம் நீ மூடியதுதான். ஆவி வெளியே போக வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்ததும் திறந்தபடியே கொண்டு வா. தெருவில் நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

சீட்டில் என் பெயரைப் போடாதே. இது என் கட்டளை என்றே வைத்துக்கொள். வருஷம் பூராவும் சபையில் தலை நிமிர்ந்து நிற்கிற மனிதர் அவர். அத்தனை பேர் முன்னால் அவருக்குக் குரல் எழும்பாமல் போனால் அதை நான் தாங்க மாட்டேன். கூப்பிட மனம் வந்தால் கூப்பிடுவார். வராவிட்டால் ரயில் போகட்டும்.

உன் பெயரையே எழுது. செய்கிறவள் நீதானே.

அக்கா

செகந்திராபாத்
3-11-1973

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முறத்தில் இருந்த அரிசியைத் திரும்பவும் புடைக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே புடைத்த அரிசி.

பலகாரத்தை மூடாதே என்கிறாய், பெயரை மூடு என்கிறாய். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கீழ்ப்படிகிறேன். "ஐவி சிலாஸ்" என்று சீட்டு எழுதி, மை காய வைத்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

கிரிஸ்ப் மட்டும் ஜெயித்தாக வேண்டும்! எனக்காக ஜெபம் பண்ணிக்கொள்.

ஐவி

ஆலய வராந்தா, செகந்திராபாத்
11-11-1973, ஞாயிறு மாலை

அன்பான, அன்பான, அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்! எல்லோரும் சுகமோ சுகம். அப்பாவும் ஐயரும் உள்ளே கணக்கு முடிக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்வரை என்னால் பொறுக்க முடியாது. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் ரஹீம் பாய் தட்டை வெளியே எடுத்ததும், "மூட நக்கோ பாய்!" என்று அவர் பாஷையிலேயே வேண்டாம் என்று கத்திவிட்டேன். திறந்த தட்டைத் துண்டால் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். சரியாக அப்போதுதான் கம்பெனி பஸ் வந்து நின்றது. அப்பா இறங்கினார்.

"ஏட்டி, ஈ மொய்க்கும். மூடு."

"மூடினா நனைஞ்சிடும்ப்பா. இது மூடக் கூடாத பலகாரம்."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த செய்தித்தாளை விரித்து, வீடு வரை தட்டுக்கு மேல் விசிறிக்கொண்டே வந்தார். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விசிறுவதை நிறுத்தவில்லை.

இன்று ஏலம். வாழைத்தாருக்கும் சேவலுக்கும் நடுவில் என் தட்டு இருந்தது. அப்பாவின் குரல் மணிக்கூண்டு வரை போனது. "ஜெகநாதன் வீட்டுப் பூசணிக்காய்! ஒரு தரம்!" அடுத்து என் தட்டைத் தூக்கினார். சீட்டை எடுத்தார். வாசித்தார்.

தட்டை மெல்ல மேஜையில் இறக்கினார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி சீட்டைப் பார்த்தார். ஜார்ஜ் மாமாதான் பின்னாலிருந்து கத்தினார்:

"என்ன மச்சான், தொண்டை கட்டிக்கிட்டா? யார் வீட்டுக் காணிக்கை? பேர் சொல்லாம ஏலம் இல்லேன்னு சட்டம் போட்டது நீங்கதானே!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுதியது என் பெயர்தானே! அவர் மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார். அம்மா முக்காட்டைச் சரிசெய்யக்கூட இல்லை, நேராக அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சீட்டை மாற்றியது அம்மா. ஒன்றரை வருஷம் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நம் அம்மா!

"ஜெயசுந்தரி ரகுநாதன்" என்றார் அப்பா. முன் வரிசைக்கு மட்டும் கேட்டது. "குலு."

"கேக்கலை!" என்றார் மாமா.

"ஜெயசுந்தரி ரகுநாதன்!"

மாமாவே ஏலத்தில் எடுத்தார். தட்டை வாங்கிய வேகத்தில் திரும்ப மேஜையில் வைத்தார். "மறு ஏலத்துக்குக் கொடுக்கேன்!" மறு ஏலம் என்றால் முதல் காணிக்கைக்காரரின் பெயரைத் திரும்பவும் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியும். அப்பா சொன்னார். லூர்துமேரி அத்தை கத்தோலிக்கர், நம் பண்டிகைக்கு விருந்தாளி. அவர்கள் எடுத்து, அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா சொன்னார். கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெகநாதன் சார் எடுத்தார், திருப்பினார். சிரிப்பும் கைதட்டலும். பெயர் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உரக்க வந்தது. அடுத்த முறை யாரும் கேட்காமலே அப்பா தட்டைத் தலைக்கு மேல் தூக்கினார்:

"என் மூத்த மக ஜெயசுந்தரி, மருமகன் ரகுநாதன் வீட்டுக் காணிக்கை!"

மணிக்கூண்டிலிருந்து புறாக்கள் பறந்துபோயின. அக்கா, ஒரு எழுத்தும் கூட்டிச் சொல்லவில்லை, அவர் மருமகன் என்றே சொன்னார்!

தான் சுட்டது எப்படி விற்கிறது என்று பார்க்க ரஹீம் பாய் கேட்டருகே நின்றிருந்தார். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "போதும், சாப்! இனி கை மாத்த நக்கோ! மேலே எல்லாம் நொறுங்கிடும்!"

கடைசி ஏலத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. அம்மா! அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்பா, "மூணு தரம்" என்று அம்மா கையிலேயே கொடுத்தார். எல்லோருக்கும் ஒரு கரண்டி வந்தது. அப்பா வாங்கி வாயில் போட்டார். கறுக் என்று எனக்குக் கேட்டது. நனையவே இல்லை!

"சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு கரண்டியை வழித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணக்குக்கு உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்த ரயில் காசிப்பேட்டைக்கு எத்தனை மணிக்கு வருதுன்னு எழுதிக் கேளு. கம்பெனியில் லீவு சொல்லணும்."

காசிப்பேட்டையைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

ரயில் நேரத்தை உடனே எழுது. அத்தானுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். நல்ல கம்பளியாகக் கொண்டு வா, இங்கேயும் குளிர்கிறது. ஆலயத்தைப் பூட்டும் கோயில்பிள்ளை ஏனோக் அண்ணன் சாவியோடு வந்துவிட்டார். "இன்னும் ரெண்டே வரி அண்ணே" என்று கெஞ்சினேன், ஒரு வரிதான் கொடுத்தார். அப்பா படியில் எனக்காக நிற்கிறார், கையில் காலித் தட்டு. கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.